பாத்துக்கலாமுங்க

என் கைப்பேசியில் ஒரு சிமெண்ட் மானின் படம் இருக்கிறது. முழங்கால் உயரம், உடம்பெல்லாம் மஞ்சள், முதுகில் வெள்ளைப் புள்ளிகள், கண்ணுக்கு மை வேறு. புதிதாக ஒரு வீட்டுக்குத் தோட்டம் போடப் பேசப் போனால் முதல் நாளே அந்தப் படத்தை எடுத்துக் காட்டுவேன். "கேட்டுக்குப் பக்கத்துல இப்படி ஒண்ணு வெச்சா அம்சமா இருக்குமுங்க" என்று முகத்தில் துளிச் சிரிப்பும் இல்லாமல் சொல்வேன். அந்த மானை விற்க எனக்கு ஆசை கிடையாது. அதைப் பார்த்தாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். அந்த வீட்டில் யார் யார் எப்படி வேண்டாம் சொல்கிறார்கள் என்று தெரிந்துகொள்ளத்தான் காட்டுகிறேன்.

சிலர் வாய்விட்டுச் சிரித்துவிடுவார்கள். அவர்களோடு வேலை சுலபம். சிலர் மானைப் பார்த்துவிட்டு வானத்தைப் பார்ப்பார்கள். "மழை வர்றாப்டி இருக்குதுங்க" என்பார்கள். போத்தனூரில் ஒருவர் மட்டும், "ரெண்டா வெச்சுப்போடுங்க அம்மணி, ஜோடியா இருக்கட்டும்" என்றார். நுணலும் தன் வாயால் கெடும் என்பது என் விஷயத்தில் அன்றைக்குச் சரியாகிவிட்டது. அந்த இரண்டு மான்களும் இன்னமும் அங்கே நிற்கின்றன. அந்தத் தெருவில் போக நேர்ந்தால் நான் வேறு பக்கம் பார்த்துக்கொண்டுதான் வண்டி ஓட்டுவேன்.

இந்த மான் வித்தையை எனக்குக் கற்றுக்கொடுத்தது வடவள்ளியில் உள்ள ஒரு நாரத்தை மரம்.

பதினெட்டு வருடமாக இந்தத் தொழிலில் இருக்கிறேன். அதற்கு முன்னால் ஒரு பம்புக் கம்பெனியில் இயந்திரப் படம் வரைந்துகொண்டிருந்தேன். எங்கள் பக்கம் தோட்டம் என்றால் கிணறும் தென்னையும் மாடும் உள்ள நிலம். மழையை நம்பிய நிலத்துக்குக் காடு என்று பெயர். கம்பெனி வேலையை விட்டுவிட்டு நான் தோட்டம் போடப் போகிறேன் என்றதும் காங்கேயத்தில் இருக்கும் என் மாமா, "எத்தன ஏக்கரா அம்மணி?" என்று சந்தோஷமாகக் கேட்டார். வீட்டுக்கு முன்னால் புல்லும் செடியும் வைத்துக் கொடுக்கும் வேலை என்று விளக்கினேன். "எங்க காட்டுல புல்லுப் புடுங்க ஆளு கெடைக்காம நா அலையறேன். நீ ஊடு ஊடாப் போயி வெச்சுக் குடுக்கப் போறியா?" என்றார்.

போனேன். ஆரம்பத்தில் கட்டட வேலை நடக்கும் இடங்களில் கொத்தனார்கள் எனக்குப் பின்னால் எட்டிப் பார்ப்பார்கள். "சார் வரலீங்களா?" என்பார்கள். "நாந்தானுங்க சார்" என்பேன். இரண்டு வருடத்தில் அந்தக் கேள்வி நின்றுபோனது. கோயமுத்தூரில் எந்தப் பகுதியில் கரிசல், எங்கே செம்மண், எங்கே இரண்டடிக்குக் கீழே சுக்கான்கல் பல்லைக் காட்டும் என்று எனக்குத் தெரியும். போர் தண்ணீரை ஒரு வாய் கொப்பளித்துத் துப்பினால் எந்தச் செடி தாங்கும், எது கருகும் என்று சொல்லிவிடுவேன். ஆடி மாதம் பாலக்காட்டுக் கணவாயிலிருந்து வரும் காற்று எந்தச் சுவரில் மோதி எந்த மூலையில் திரும்பும் என்பதைப் பார்த்துத்தான் மரத்துக்குக் குழியே எடுப்பேன். என் வேலை எனக்குத் தெரியும். இதில் தன்னடக்கம் காட்ட எனக்கு வராது.

ஆனால் தெரிந்த வேலையில் பாதி, வேண்டாததைத் தடுப்பது. ஆறடி இடத்தில் ஈச்ச மரம் கேட்பார்கள். வெயில் எட்டியே பார்க்காத சந்தில் ரோஜா கேட்பார்கள். முடியாது என்று முகத்துக்கு நேராகச் சொல்ல எங்கள் ஊர் நாக்குக்கு வராது. அதற்கென்றே எங்களிடம் ஒரு சொல் இருக்கிறது: பாத்துக்கலாமுங்க. பெண் பார்த்துவிட்டுப் போகிறவர்கள் வாசலில் செருப்பு மாட்டிக்கொண்டே "பாத்துக்கலாமுங்க" என்றால், பெண் வீட்டில் அதற்குப் பிறகு போனை எதிர்பார்க்க மாட்டார்கள். யாருக்கும் கோபமும் வராது. நானும் அந்த ஈச்ச மரத்துக்கு "அதுக்கென்னங்க, பாத்துக்கலாமுங்க" என்பேன். அதோடு அந்தப் பேச்சு முடிந்துவிடும். இத்தனை வருடத்தில் எத்தனை பேரை அந்த ஒரு சொல்லால் சமாளித்திருப்பேன்! அதே சொல்லை ஒருவர் என்னிடம் சொன்னபோது எனக்குக் காது கேட்கவில்லை.

வடவள்ளி வீட்டுக்காரர் கணபதி என்ற பகுதியில் லேத்துப் பட்டறை வைத்திருந்தார். நல்ல மனிதர், ஆனால் எதையும் அளவுகோல் வைத்துத்தான் பார்ப்பார். பழைய வீட்டை இடித்துக் கட்டி முடித்திருந்தார். முன்பக்கம் முழுக்கப் புல்தரை, ஓரமாக நந்தியாவட்டை வரிசை, வேறெதுவும் கண்ணை மறிக்கக் கூடாது என்றார். கண்ணை மறித்துக்கொண்டு வடகிழக்கு மூலையில் ஒரு நாரத்தை மரம் நின்றது. கோணல் மாணலாக, முள்ளும் முடிச்சுமாக, பார்க்க ஒரு லட்சணமும் இல்லாத மரம்.

"ஈசானி மூலைல மரம் ஆகாதுன்னு வாஸ்துக்காரரு சொல்லிப்போட்டாருங்க. எடுத்துருங்க" என்றார் பட்டறைக்காரர்.

நான் எந்த வீட்டிலும் ஆண்கள் பேச்சை மட்டும் கேட்டு மரத்தில் கை வைப்பதில்லை. அதில் எனக்கு ஒரு பெருமையும் உண்டு. சமையலறை வாசலுக்குப் போய் அவர் மனைவியிடம் கேட்டேன். என்னைவிடப் பத்து வயது மூத்தவர். அக்கா என்றுதான் கூப்பிட்டேன். அவர் அரைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தார்.

"ஏனுங்க அக்கா, அந்த நாரத்தைய எடுத்துப்போடலாங்களா?"

கீரையிலிருந்து தலையை எடுக்காமல் சொன்னார்: "அதுக்கென்னங்க, பாத்துக்கலாமுங்க."

என் நோட்டில் 'நாரத்தை எடுக்க' என்று எழுதி அடிக்கோடும் போட்டேன். பெண்களைக் கேட்டுச் செய்கிறவள் நான் என்ற நிறைவோடு காப்பியைக் குடித்துவிட்டு வந்தேன்.

சித்திரை கடைசியில் வேலை தொடங்கியது. காலை ஏழு மணிக்கே பொக்லைன் வந்துவிட்டது. எனக்குச் செடி ஏற்றுகிற குட்டியானை வண்டியை ஓட்டுகிறவர்தான் கடப்பாரை வேலையும் செய்வார். அவர் கிளைகளை வெட்டத் தொடங்கும்போது வீட்டுப் பக்கம் பார்த்துவிட்டு, "அம்மணி, அந்தம்மா சன்னல்ல நின்னு பாத்துக்கிட்டே இருக்கறாங்க. மொகமே செரியில்லீங்க. ஒருக்கா கேட்டுப்போடுங்க" என்றார்.

பொக்லைன் மணிக்கணக்கில் வாடகைக்கு வருவது. எனக்குச் சுள்ளென்று கோபம் வந்தது. "எல்லாம் கேட்டாச்சுங்க. நீங்க வேலையப் பாருங்க" என்றேன். அவர் அரிவாளை எடுத்துக்கொண்டு கிளைகளுக்குப் போனார். ஆத்திரக்காரிக்குப் புத்தி மட்டு.

ஒரு மணி நேரத்தில் தழை முழுவதும் தரையில் கிடந்தது. மரத்தைச் சுற்றி மூன்று பக்கம் பொக்லைன் பள்ளம் எடுத்து வேரை அறுத்துவிட்டது. அப்போதுதான் அந்த அக்கா தட்டில் காப்பி எடுத்துக்கொண்டு வெளியே வந்தார். எங்களுக்கெல்லாம் ஆளுக்கொரு டம்ளர் கொடுத்தார். தட்டைச் சுவரில் சாய்த்து வைத்துவிட்டு, வெட்டிப்போட்ட கிளைகளுக்கு நடுவே உட்கார்ந்து நல்ல இலையாகப் பார்த்துப் பறித்து முந்தானையில் போட்டுக்கொள்ளத் தொடங்கினார். "மோருல போட ஆகுமுங்க" என்றார், யாரும் கேட்காமலே. கையில் முள் கீறி ரத்தம் வந்துகொண்டிருந்தது. அதை அவர் பார்க்கக்கூட இல்லை.

பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். "அக்கா, நீங்க அன்னிக்குச் செரின்னு சொன்னீங்களேங்க?"

"நா எங்கீங்க செரின்னு சொன்னேன்?" என்றார். குரலில் கோபமே இல்லை. "பாத்துக்கலாமுங்கன்னுதானுங்க சொன்னேன்."

அந்த இடத்திலேயே பூமி பிளந்தால் உள்ளே போயிருப்பேன். வெளியூர்க்காரி ஒருத்தி இந்தத் தப்பைச் செய்திருந்தால் மன்னிக்கலாம். இந்த ஊரில் பிறந்து, இதே சொல்லை இத்தனை வருடமாக விற்றுப் பிழைத்த எனக்கு என்ன சாக்கு? எனக்கு வேண்டிய பதில் அவர் வாயில் வந்ததாக நானே வைத்துக்கொண்டேன். அவமானமாக இருந்தது.

"இந்த ஊட்டுல நாங் கேட்டு வாங்கி வெச்சது இது ஒண்ணுதானுங்க" என்றார் அவர். சென்னிமலைக்குச் சாமி கும்பிடப் போய்விட்டுத் திரும்பும்போது பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் வாங்கிய கன்றாம். ஊர் வரும்வரை மடியிலேயே வைத்துக்கொண்டு வந்தாராம். பழைய வீடு, புது வீடு, தரைக்கல், பெயிண்ட் நிறம், எல்லாமே மற்றவர்கள் பார்த்து முடிவுசெய்தது. நாரத்தை மட்டும் அவருடையது.

நான் எழுந்து பொக்லைனை நிறுத்தச் சொன்னேன். சத்தம் நின்றதும் பட்டறைக்காரர் வெளியே வந்தார். விஷயத்தைச் சொன்னேன். அவர் முகம் தொங்கிப்போய்விட்டது. மனைவியைப் பார்த்து, "எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமுல்ல?" என்றார்.

"சொன்னேனுங்களே" என்றார் அக்கா. "பாத்துக்கலாமுன்னு."

முப்பது வருடக் குடித்தனத்தில் எத்தனை தடவை அந்தச் சொல்லைக் கேட்டோம் என்று பட்டறைக்காரர் மனதுக்குள் புரட்டிப் பார்ப்பது எனக்கே தெரிந்தது. நான் அவருக்கு அதிக நேரம் கொடுக்கவில்லை.

"தென்மேற்குல, கன்னி மூலைல, கனம் இருந்தா நல்லதுன்னுதானுங்க வாஸ்துலயும் சொல்றாங்க? மரத்தை அங்க மாத்திப்போடறேன்" என்றேன். அவர் வேகமாகத் தலையாட்டினார்.

சொல்லிவிட்டேனே தவிர, மூன்று பக்கம் வேர் அறுந்த மரத்தைச் சித்திரை வெயிலில் இடம் மாற்றுவது பைத்தியக்காரத்தனம். மூன்றில் ஒன்று பிழைத்தால் அதிகம். ஆனால் எனக்குப் பயம் வந்தால் கை வேகமாக ஓடும். மரத்தின் வடக்குப் பக்கம் ஒரு சிவப்புத் துணியைக் கட்டினேன், புது இடத்திலும் அந்தப் பக்கம் வடக்கையே பார்க்க வேண்டும் என்பதற்காக. மீதி வேரை மண்ணோடு உருண்டையாக எடுத்து நனைத்த சாக்கைச் சுற்றிக் கயிற்றால் இறுக்கினோம். பொக்லைன் சங்கிலி பட்டையைக் கீறாமல் இருக்க அக்கா ஒரு பெட்ஷீட்டைக் கொண்டுவந்து தண்டில் சுற்றினார். பிரிக்காத புதுப் பெட்ஷீட். "பழசு போதுமுங்க அக்கா" என்றேன். அவர் காதில் வாங்கவில்லை.

கன்னி மூலையில் இரண்டடியிலேயே சுக்கான்கல். பொக்லைன் அந்தச் சந்துக்குள் நுழையாது. வண்டிக்காரரும் நானும் மாற்றி மாற்றிக் கடப்பாரை போட்டோம். "உங்க பேச்சக் கேட்டிருக்கோணுமுங்க" என்றேன் அவரிடம். "பரவாயில்லீங்க அம்மணி, ஆனைக்கும் அடி சறுக்கும்" என்றார். என் உடம்பை வைத்துச் சொன்னாரா என்று கேட்டேன். குழிக்குள் நின்றுகொண்டு சிரித்தோம், அவர் முதலில், பிறகு நானும்.

சந்து வாசல்வரை பொக்லைனில் வந்த மரத்தைப் பலகை மேல் இழுத்துப் போய்க் குழியில் இறக்கி, வெட்டுவாயில் சாணி அப்பி, மூன்று திசையிலும் கயிறு கட்டி, கயிறு படும் இடத்தில் சைக்கிள் டியூப் துண்டு வைத்து, மேலே பச்சை வலை கட்டி முடிக்க மாலை ஆகிவிட்டது. ஒரு நாள் விட்டு ஒரு நாள் நாலு குடம், அதற்கு மேல் ஊற்றக் கூடாது என்று அக்காவிடம் சொன்னேன். "பொழைக்குங்களா?" என்று கேட்டார். இந்த முறை சுற்றி வளைத்துப் பேசவில்லை. "தெரியலீங்க அக்கா" என்றேன்.

வாரம் இரண்டு தடவை போனேன். போனவுடன் நகத்தால் பட்டையை லேசாகச் சுரண்டிப் பார்ப்பேன். உள்ளே பச்சை இருந்தால் உயிர் இருக்கிறது. முதல் மூன்று வாரம் பச்சை. பிறகு உச்சியில் பழுப்பு. பிறகு தோள் உயரத்தில் பழுப்பு. ஒவ்வொரு வாரமும் அந்தப் பழுப்பு ஒரு சாண் கீழே இறங்கியது. முன்பக்கம் புல்தரை வெகு அழகாக வந்திருந்தது. வந்தவர்கள் போனவர்கள் எல்லாரும் பாராட்டினார்கள், இரண்டு பேர் என் நம்பரை வாங்கிக்கொண்டார்கள். எனக்கு அந்தப் புல்லைப் பார்க்கவே பிடிக்கவில்லை.

எட்டாவது வாரம் முழங்காலுக்கு மேல் எங்கே சுரண்டினாலும் விறகுதான். நான் மனதைத் தேற்றிக்கொண்டு நர்சரிக்குப் போய், இடுப்பு உயரத்தில் நல்ல ஒட்டு நாரத்தையாகத் தேர்ந்தெடுத்தேன். ஒரு காய்கூட விட்டிருந்தது. குட்டியானையில் ஏற்றிக்கொண்டு போய் அக்கா முன்னால் இறக்கி வைத்தேன்.

"அக்கா, நாம முடிஞ்ச வரைக்கும் பாத்தாச்சுங்க. இது நல்ல ரகம். அடுத்த வருஷமே கூடை கூடையாக் காய்க்கும். பழச எடுத்துப்போட்டு இத வெச்சரட்டுங்களா?"

அக்கா புதுச் செடியின் இலை ஒன்றைத் தொட்டுப் பார்த்தார். பிறகு என் முகத்தைப் பார்த்துச் சொன்னார்: "வேண்டாமுங்க."

நான் காத்திருந்தேன். எங்கள் ஊரில் இந்தச் சொல்லுக்குப் பின்னால் நாலு வார்த்தை வரும். தப்பா நெனைக்காதீங்க, உங்களுக்குத் தெரியாததில்லை, அப்புறமா பாக்கலாம் என்று ஏதாவது. ஒன்றும் வரவில்லை. பட்டறைக்காரர் துண்டால் முகம் துடைத்துக்கொண்டே வந்தவர் அப்படியே நின்றுவிட்டார். மனைவியையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். "வேண்டாங்கறாங்களேங்க. உட்ருங்க அம்மணி" என்றார்.

செடியைத் திரும்ப வண்டியில் ஏற்றினேன். சுருக்கென்றுதான் இருந்தது, இல்லையென்று சொல்லமாட்டேன். ஆனால் மருதமலைச் சாலையில் திரும்பும்போது எனக்குள் ஒரு சந்தோஷம் வந்துவிட்டது. அந்த வீட்டில் அந்தச் சொல் சத்தமாக வெளியே வந்ததில் எனக்கும் ஒரு பங்கு இருந்ததே. ஒட்டுச் செடி இப்போது என் வீட்டுப் பின்புறத்தில் நிற்கிறது.

ஆடி பிறந்தது. காற்று வீசத் தொடங்கி நாலைந்து நாளில் நகரம் முழுக்க விளம்பரப் பலகைகள் கிழிந்து தொங்கின. ஒரு நாள் காலையில் அக்காவிடமிருந்து போன். அவர் அதுவரை எனக்குப் போன் செய்ததே இல்லை. "ஏனுங்க அம்மணி, செத்த வந்துட்டுப் போறீங்களா?" என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டார். கயிறு அறுந்து மரம் சாய்ந்துவிட்டது என்றே முடிவு செய்துகொண்டேன். வழியெல்லாம் என்ன சொல்லிச் சமாதானப்படுத்துவது என்று யோசித்துக்கொண்டே போனேன்.

மரம் சாயவில்லை. சாரல் தூறிக்கொண்டிருந்தது. அக்கா அடிமரத்துக்குப் பக்கத்தில் குந்தியிருந்தார். தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில், சிவப்புத் துணி கட்டிய பக்கம், பட்டையைக் கீறிக்கொண்டு இரண்டு பச்சைப் புள்ளிகள். அரிசி அளவுதான் இருக்கும். நான் தொடப் போனேன், அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். எனக்குக் கண் நிறைந்துவிட்டது. வெயிலில் கூசுகிறது என்று சொல்ல அன்றைக்கு வெயிலும் இல்லை.

அதற்கப்புறம்தான் மான் வந்தது. முதல் நாளே எல்லாரையும் ஒரு தடவை வேண்டாம் சொல்ல வைத்துக் கேட்டுக்கொண்டால், பிறகு அந்தக் குரல் எந்த வேஷத்தில் வந்தாலும் அடையாளம் தெரிகிறது. பதில் தெளிவாக இல்லையென்றால் பொக்லைனை வரச் சொல்வதில்லை. வண்டிக்காரர் "ஒருக்கா கேட்டுப்போடுங்க" என்றால் கடிகாரத்தைப் பார்ப்பதில்லை, போய்க் கேட்கிறேன்.

இந்தத் தை மாதம் புல் வெட்ட வடவள்ளிக்குப் போயிருந்தேன். நாரத்தை என் தோள் உயரம் வந்துவிட்டது. இன்னும் காய்க்கவில்லை. பழைய அடியிலிருந்து ஏழு தண்டுகள் விளக்குமாறு மாதிரி ஒன்றையொன்று இடித்துக்கொண்டு நின்றன. மூன்றை விட்டுவிட்டு நாலை எடுத்தால்தான் மரம் மரமாக வரும். இதில் எனக்குச் சந்தேகமே இல்லை. கை தன்னாலே பைக்குள் போய்க் கிளை வெட்டும் கத்தரியை எடுத்துவிட்டது.

அக்கா காப்பியோடு வந்தார். "அக்கா, இதுல நாலு தண்ட எடுத்துப்போடட்டுங்களா? அப்பத்தான் சீக்கிரம் காய்க்குமுங்க" என்றேன்.

அவர் ஏழு தண்டுகளையும் ஒரு தடவை பார்த்தார். என் கையில் இருந்த கத்தரியையும் பார்த்தார்.

"அதுக்கென்னங்க, பாத்துக்கலாமுங்க" என்றார்.

நான் கத்தரியை மடக்கிப் பையில் போட்டுவிட்டு, காப்பி டம்ளரை வாங்கிக்கொண்டேன்.